கருப்பட்டி மிட்டாய், ஜாங்கிரி, ஜிலேபி: கடையில் பார்த்ததை வீட்டில் செய்தவர்களின் அனுபவங்கள்

கரிசல்காட்டுப் பெண்

சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கருப்பட்டி மிட்டாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து, பொரித்து, கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பார்கள். ஏணிபோலப் பிழிவதால் ஏணி மிட்டாய் என்றும் பெயர் உண்டு. அதையே சீனிப் பாகில் போட்டால் சீனி மிட்டாய்.

இருக்கன்குடி மாரியம்மன் கோவில் ஆடித் திருவிழாவில் ஒரு மிட்டாய்க் கடை அண்ணாச்சியிடம் பேசக் கிடைத்தது. கூட்டம் கொஞ்சம் வடிந்த மதிய நேரம். வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று சொன்னதும் தயங்காமல் அளவைச் சொல்லிவிட்டார்: நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. சேர்த்து ஊற வைத்து, தண்ணீரை ஒடுக்கி, வெண்ணெய்ப் பதத்துக்கு அரைக்க வேண்டும். ஒரு சிட்டிகை சோடா உப்பு. இட்லி மாவைப்போல் இரவு முழுக்கப் புளிக்க விடக்கூடாது.

"மாவு எல்லார் வீட்டிலும் சரியாகத்தான் வரும் தாயி. பாகில்தான் விட்டுவிடுவார்கள்" என்றார். அதன்பிறகு நான் அவர் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பாகுச் சட்டி, எண்ணெய்ச் சட்டியை ஒட்டி அடுப்பின் ஓரத்திலேயே இருந்தது. கொதிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. எண்ணெயில் குமிழி அடங்கியதும் கம்பியால் மிட்டாயைத் தூக்கி, சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, நேரே பாகில் போட்டார். கரண்டியால் ஒருமுறை அமுக்கினார். அடுத்த ஈடு பிழிந்து முடிக்கும்வரை அது பாகிலேயே கிடந்தது. பிழிந்து முடித்ததும் எடுத்துத் தட்டில் வைத்தார். கடிகாரம் எல்லாம் கிடையாது. ஓர் ஈடு பிழிகிற நேரம்தான் முந்தையது ஊறுகிற நேரம்.

ஒன்றை எடுத்து என் கண்முன்னால் ஒடித்தும் காட்டினார். மேலே முறுகலான மெல்லிய தோல், உள்ளே முழுக்கக் குழாய். ஒடிந்த இடத்தில் பாகு பழுப்பாகத் திரண்டு, சற்றுத் தயங்கி, அப்புறம்தான் வழிந்தது.

இதன் காரணம் எளிது. பொரியும்போது மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி நடுவைக் குடைந்து குழாயாக்குகிறது. வெளியே எடுத்ததும் அந்த ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்குகிற அந்தக் கணத்தில் மிட்டாய் பாகுக்குள் இருந்தால் பாகை உள்ளே இழுத்துக்கொள்ளும். தட்டில் வைத்து ஆறவிட்டுப் பிறகு முக்கினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். பாகு மேலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பாகு தளதளவென்று கொதித்தால் தோல் நமத்துவிடும். நன்றாக ஆறியிருந்தால் கெட்டிப்பட்டு உள்ளேயே நுழையாது. விரல் வைத்தால் சுடுகிறது, ஆனால் பொறுக்க முடிகிறது என்கிற சூடுதான் சரி.

நான் வீட்டில் செய்யும் அளவு: 200 கிராம் அரிசி, 50 கிராம் உளுந்து, 400 கிராம் கருப்பட்டி. கருப்பட்டியைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்ட வேண்டும். மண்ணும் தூசியும் இல்லாத கருப்பட்டி அபூர்வம். சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும்போது இறக்கிவிடுவேன். கம்பிப் பதம்வரை போகவேண்டாம்.

கருப்பட்டியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையப் புழங்குகிறது. அதில் இனிப்பு மட்டும் இருக்கும், பனையின் வாசம் இருக்காது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்பிக்கையான கையிலிருந்து அது கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். பனையேறி மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, அதைக் காய்ச்சி வட்டாக ஊற்றி நம் கைக்கு வந்து சேருகிற பண்டம் அது.

இன்னொன்று. பிழிவதற்குப் பால் உறையையும் பிளாஸ்டிக் பையையும் பரிந்துரைக்கிறார்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே பிளாஸ்டிக்கைப் பிடிப்பது எனக்குச் சம்மதம் இல்லை. தடித்த காடாத் துணியில் சின்ன ஓட்டை போட்டு, பித்தான் துளைக்குத் தைப்பதுபோல் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். நனைத்துப் பிழிந்துவிட்டு மாவை வைத்தால் துணியில் ஒட்டாது.

காவிரிக்கரை

அருமை அக்கா. அந்த ஊறும் கணக்கு ஜாங்கிரிக்கு மட்டும் மாறும். எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வந்த ஒரு பட்சணக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன். கும்பகோணத்துக்காரர், மாமா, மாமா என்று நச்சரித்துத்தான் கேட்டு வாங்கினேன்.

ஜாங்கிரி முழுக்க உளுந்துப் பண்டம். கால் கிலோ உளுந்துக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி, அவ்வளவே. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஊறவேண்டாம். கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பொங்கப் பொங்க அரைக்க வேண்டும். மாவில் ஒரு துளியைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். மிக்ஸியில் மாவு சூடேறிவிடுவதால் இந்தப் பொங்குதல் வருவது கஷ்டம்.

குழிந்த வாணலியும் உதவாது. அவர் தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத்தான் எண்ணெய் ஊற்றினார். ஆழம் கூடினால் பிழிந்த வட்டம் மிதந்து கோணிக்கொள்ளும். முதலில் இரண்டு வட்டம், அதன்மேல் சுற்றிலும் சின்னச் சின்னச் சுழி. சுழி போடும்போது அவர் மணிக்கட்டு மட்டும்தான் அசைந்தது, முழங்கை அசையவே இல்லை. தீ மிதமாக இருந்தது. அவசரப்பட்டால் மேலே சிவந்து உள்ளே மாவு வேகாது.

உளுந்து பஞ்சுபோல் உப்புவதால் உள்ளே ஒற்றைக் குழாய் கிடையாது, நிறையச் சின்ன அறைகள். அதனால் பாகு நிதானமாகத்தான் ஏறும். அவர் நாலைந்து நிமிடம் ஊறவிட்டார், நடுவில் ஒருமுறை திருப்பினார். செய்த அன்றைவிட மறுநாள் ஜாங்கிரிக்கு ருசி கூடுதல். ஆறட்டும், ஆறட்டும் என்று எங்களை விரட்டிக்கொண்டே இருந்தார்.

இந்தூர்வாசி

வேலைக்காக இந்தூருக்கு வந்தவன் நான். இங்கே காலைப் பலகாரமே போஹா என்கிற அவல் உப்புமாவும் ஜிலேபியும்தான். போஹாவின்மேல் சேவும் ஜீராவன் மசாலாவும் தூவித் தருவார்கள். அந்தக் காரத்துக்குப் பக்கத்தில் சூடான ஜிலேபி. நம்மூர்க்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், ஒரு வாரத்தில் அதற்காகவே வரிசையில் நிற்பார்கள்.

சராபா பஜார் பகலில் நகைக்கடைத் தெரு. இரவில் நகைக்கடைகள் கதவை இழுத்து மூடியதும் அதே கடைகளின் வாசலில் தின்பண்டக் கடைகள் முளைத்துவிடும். அங்கே ஜலேபா என்று ஒன்று போடுகிறார்கள்; தட்டை நிறைக்கிற ஒற்றை ஜிலேபி. ஒருவரால் தின்று தீர்க்க முடியாது. அப்படி ஒரு கடைக்காரரிடம் என் அரைகுறை ஹிந்தியில், "பையா, மாவில் என்ன சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். கையில் மாவை அள்ளி உயரத்திலிருந்து விட்டுக் காட்டினார். நாடாவாக, அறுபடாமல் விழுந்தது. அதுதான் பதில்.

ஜிலேபி மைதா மாவு. மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் கடலை மாவும் உண்டு. தயிர் விட்டுக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுவார்கள். மத்தியப் பிரதேசத்துக் கோடையில் அதற்குச் சில மணி நேரமே போதும். அந்த லேசான புளிப்பு இல்லாவிட்டால் அது வெறும் இனிப்பு மைதா. உடனடி ஜிலேபி என்று புளிக்காமல் செய்யும் முறைகளை நான் ஏற்கவே மாட்டேன்.

பாகு ஒற்றைக் கம்பிப் பதம். ஊறும் நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவு, ஏனென்றால் குழாயின் சுவர் மிக மெல்லியது. கூடுதலாக விட்டால் துவண்டுவிடும். காவிரிக்கரை சொன்ன மறுநாள் ருசி இதற்குச் செல்லாது. நின்றபடியே தின்று தீர்க்க வேண்டிய பண்டம் இது.

புதுமுகம்

சீனிப் பாகு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் மறுநாள் ஜாங்கிரிமேல் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

காவிரிக்கரை

பாகு கொதிக்கும்போதே சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள் தம்பி. புளிப்பு சேர்ந்து கொதிக்கும்போது சீனியில் ஒரு பகுதி குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிரிந்துவிடும்; அவை நடுவில் புகுந்தால் மிச்சச் சீனி ஒன்றுகூடிப் படிகம் கட்டுவது தடைபடும். பதம் வந்தபின் கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்காதீர்கள், அதுவும் படிகத்தைக் கிளப்பிவிடும். சட்டி ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு துளி படிகம் உள்ளே விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் கட்டும்.

கரிசல்காட்டுப் பெண்

கருப்பட்டிப் பாகு பெரும்பாலும் அப்படிப் பூக்காது. எலுமிச்சை விடவே வேண்டாம், கருப்பட்டியின் வாசத்தை அது கெடுத்துவிடும். நாலைந்து ஈடு முக்கி எடுத்தபிறகு பாகு இறுகத்தான் செய்யும். அப்போது இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். மிச்சப் பாகில் பொரித்த துகள் கிடக்கும். வடிகட்டி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சுக்குக் காபிக்கு ஆகும்.