நாலு ராம் ஸ்டிக் போட்டா எக்ஸ்போ 6000 ஓடாதா? மெம்டெஸ்ட் பாஸ், ரெண்டர் போட்டா ரீஸ்டார்ட்

எடிட்டர்தம்பி:
வணக்கம் மக்களே, தலை வெடிச்சிரும் போல இருக்கு, யாராவது பாத்து சொல்லுங்க. சிஸ்டம் நானே அசெம்பிள் பண்ணது, ரைசன் 7 7700, பி650 போர்டு, டிடிஆர்5 16+16 கிட், 6000 ஸ்பீடு, சிஎல்30, எக்ஸ்போ (ராம அந்த ஸ்பீடுல ஓட்ட பயாஸ்ல ஆன் பண்ற ஏஎம்டி ப்ரொஃபைல்). ஒரு வருஷமா ஒரு தும்மல் கூட இல்ல. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பொழப்பு, 4கே டைம்லைன்ல கலர் பண்ண ஆரம்பிச்சா 32 ஜிபி பத்தல, அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே மாடல் அதே ஸ்பீடு இன்னொரு கிட் வாங்கி மீதி ரெண்டு ஸ்லாட்லயும் சொருகினேன், அன்னிக்கு புடிச்ச சனி. ஆன் பண்ணா டிஸ்ப்ளே வரவே அஞ்சாறு நிமிஷம். எக்ஸ்போ ஆன் பண்ணா விண்டோஸ் வருது, ஆனா ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட்னு ப்ளூ ஸ்க்ரீன், இன்னொரு நாள் ஐஆர்கியூஎல்னு ஏதோ, ரெண்டர் போட்டா பாதில ரீஸ்டார்ட். ஜிப் ஃபைல் பிரிச்சா டேட்டா கெட்டிருக்குன்னு சிஆர்சி எர்ரர், அதே ஃபைல மறுபடி பிரிச்சா சரியா வருது!! ராம சோதிக்கற மெம்டெஸ்ட்86 ராத்திரி பூரா ஓட்டினேன், நாலு பாஸ், ஒரு எர்ரர் இல்ல. கடைல "மெம்டெஸ்ட் பாஸ் ஆச்சுல்ல, ராம் நல்லாருக்கு, போர்ட பாரு"ன்னு அனுப்பிட்டாங்க. போர்டா ராமா எது போச்சு?

பயாஸ்பாண்டி:
ரெண்டும் போகல தம்பி. நாலு ஸ்டிக்க 6000ல ஓட்ட நினைக்கிறதுதான் வில்லங்கம். ஏஎம்டி வெப்சைட்ல 7700 ஸ்பெக் பக்கத்த தொறந்து பாரு, ரெண்டு ஸ்டிக் போட்டா 5200, நாலு போட்டா 3600, அவ்வளவுதான் அவங்க பொறுப்பு. 6000ங்கறதே ஓவர்க்ளாக். எக்ஸ்போ ஆன் பண்றப்ப பயாஸ்லயே அத சொல்லி ஒரு வார்னிங் வரும், நாம எல்லாம் படிக்காம ஓகே அடிப்போம்.

கிண்டிகிறுக்கன்:
ஆரம்பிச்சிட்டாருப்பா. பாக்ஸ்ல 6000னு கொட்டை எழுத்துல போட்டு 6000க்கு உண்டான காச வாங்கிட்டு, ஓடலன்னா "அது ஓவர்க்ளாக் சார்"னா என்ன அர்த்தம்? பைக் கம்பெனி சொல்ற மைலேஜ் மாதிரி ஆகிப்போச்சு. என் ஃப்ரெண்டு நாலு ஸ்டிக் 6000ல ஜம்முனு ஓட்டறான். தம்பி புது கிட்ல ஒண்ணு டிஃபெக்ட், சண்ட போட்டு மாத்து, விடாத.

பயாஸ்பாண்டி:
உன் ஃப்ரெண்டுக்கு நல்ல சிலிக்கான் மாட்டிருக்கு, அவ்வளவுதான். அதே ப்ராசசர் இன்னொரு பீஸ்ல ஓடாது. கிறுக்கா நல்லா கேளு, பாக்ஸ்ல போட்ட 6000 அந்த பாக்ஸ்குள்ள இருக்கற ரெண்டு ஸ்டிக்குக்கு மட்டும். சேத்து டெஸ்ட் பண்ணி பேக் பண்றது அந்த ரெண்டத்தான். ரெண்டு பாக்ஸ கலந்தா 6000 வரும்னு எந்த பாக்ஸ்லயும் எழுதல. மாடல் நம்பர் ஒண்ணா இருந்தாலும் போன வருஷம் உள்ள ஒரு கம்பெனி சிப் இருந்திருக்கும், இந்த வருஷம் வேற சிப். சந்தேகம்னா எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு கிட்லயும் சிப் யாருதுன்னு பாருங்க. அதுக்கும் மேல, இந்த போர்டுங்கள்ல வயரிங் டெய்சி செயின், அதாவது ஒரு ஸ்லாட்ட தொட்டுட்டு அடுத்த ஸ்லாட்டுக்கு போறது, ஒரு சேனலுக்கு ஒரு ஸ்டிக்க மனசுல வெச்சு இழுத்தது. அதனாலதான் மேனுவல்ல ரெண்டு ஸ்டிக்னா சிபியூலேர்ந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுங்கறான். நாலும் ஃபுல் ஆனா சிக்னல் கெடும், மெமரி கண்ட்ரோலருக்கு லோடு ஏறும். பூட் ஆக அஞ்சு நிமிஷம் ஆகுதுன்னு சொன்னான்ல, அது ட்ரெய்னிங், ராமுக்கு ஒத்து வர்ற செட்டிங்க போர்டு தேடிட்டு இருக்கு.

ஓசிராஜா:
இதுக்கா இவ்ளோ பேச்சு. எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசசர்ல மெமரி கண்ட்ரோலர் பக்கம் போறது) 1.4 குடுங்க ப்ரோ, ராம் வோல்டேஜ் 1.45, செட் ஆயிடும்.

பயாஸ்பாண்டி:
யோவ் ராஜா, ஊரான் வீட்டு ப்ராசசர்னா எரிச்சு பாக்கலாம்னு இருக்கியா? 2023ல ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசசர் சாக்கெட்டோட கருகின போட்டோ எல்லாம் பாக்கலயா? அதுக்கப்புறம்தான் ஏஎம்டி பயாஸ் அப்டேட் விட்டு எஸ்ஓசிய 1.3 வோல்ட்ல பூட்டுனாங்க. தம்பி, இவர் சொன்னத தொடாத.

கிண்டிகிறுக்கன்:
சரி வோல்டேஜ் வேணாம். ஆனா மெம்டெஸ்ட் நாலு பாஸ் க்ளீனா வந்திருக்கே அதுக்கு என்ன பதில்? நீங்க சொல்ற மாதிரி கண்ட்ரோலர் திணறுதுன்னா மெம்டெஸ்ட்லயும் எர்ரர் வரணும்ல. இந்த வாதத்துல எங்கயோ இடிக்குது. அதுவும் டிடிஆர்5க்குள்ள ஈசிசி இருக்கு, சின்ன எர்ரர் எல்லாம் அதுவே திருத்திக்கும்.

சர்வர்ரூம்அக்கா:
கொஞ்சம் நான் பேசலாமா. டிடிஆர்5ல இருக்கறது ஆன்-டை ஈசிசி. சிப்புக்குள்ள ஒரு பிட் புரண்டா அதுவே திருத்தும், அவ்வளவுதான். சிப்லேர்ந்து ப்ராசசருக்கு வர்ற வழில டேட்டா கெட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது, தம்பியோட கேஸ்ல கெடறது பெரும்பாலும் அந்த வழிலதான். சர்வர்ல போடற ஈசிசி வேற சமாச்சாரம், அதுல ஸ்டிக்லயே எக்ஸ்ட்ரா சிப் இருக்கும்.

மெம்டெஸ்ட்86 விஷயத்துக்கு வரேன். அது விண்டோஸ் இல்லாம தனியா ஓடுது, அப்ப கிராபிக்ஸ் கார்டு சும்மா கெடக்கும், கேபினட்டும் கூலா இருக்கும். ரெண்டர் போட்டா கதை வேற, கார்டு கக்கற சூடு நேரா மேல ராம் மேல போகும், நாலு ஸ்டிக் இடைவெளி இல்லாம ஒட்டி நிக்குது, நடுவுல இருக்கறதுக்கு காத்தே கிடையாது. டிடிஆர்5ல பவர் சிப்பும் ஸ்டிக் மேலயே வேற இருக்கு. ராம் சூடானா செல்லுல இருக்கற சார்ஜ் சீக்கிரம் கசியும், அடிக்கடி ரீஃப்ரெஷ் பண்ணணும், டைட்டான டைமிங்ல ஓடறப்ப அங்கதான் முதல் எர்ரர் எட்டிப் பாக்கும். அதனால மெம்டெஸ்ட்ல எர்ரர் வந்தா கண்டிப்பா கோளாறு, வரலன்னா "கோளாறு இல்ல"ன்னு ஆகாது. விண்டோஸ்குள்ள டெஸ்ட்மெம்5ல அன்டா ப்ரொஃபைல் போட்டு ஓட்டு, இல்ல ஒய்-க்ரஞ்சர், ரெண்டும் ராம நல்லா பிழியற டெஸ்ட். கூடவே எச்டபிள்யூஇன்ஃபோல ஸ்டிக் டெம்பரேச்சர் பாரு.

பாண்டி அண்ணே, கிறுக்கன், ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணாமலே தீர்ப்பு சொல்றீங்க. தம்பி, எக்ஸ்போ ஆஃப் பண்ணிட்டு நாலையும் டிஃபால்ட்ல ஓட்டு. அப்புறம் பழைய கிட் மட்டும் எக்ஸ்போல, அப்புறம் புது கிட் மட்டும், அதே ரெண்டு ஸ்லாட்ல. டிஃபால்ட்லயே எர்ரர் வந்தா கிறுக்கன் சொல்றது சரி, நேரா வாரண்டிக்கு போ. மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், டெஸ்ட் முடியற வரைக்கும் அத ஆஃப்ல வை, இல்லன்னா பழைய ட்ரெய்னிங்கயே புடிச்சிட்டு தொங்கும்.

கிண்டிகிறுக்கன்:
அப்ப பழைய கிட் ஒரு வருஷம் ஓடிச்சுன்னு சொல்றானே, அதயுமா சந்தேகப்படணும்?

சர்வர்ரூம்அக்கா:
பின்ன? 2022 அக்டோபர்ல, லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் மெஷின்லயே நடந்துச்சு. ரெண்டரை வருஷம் ஒழுங்கா ஓடின ராம் ஸ்டிக் திடீர்னு போச்சு, கம்பைல் எல்லாம் தாறுமாறா ஃபெயில் ஆக, முதல்ல புது கெர்னல்ல பக்னு நினைச்சிருக்கார். ஈசிசி வேணும்னு 2021லயே இன்டெல்ல பொது இடத்துல கிழிச்ச மனுஷன், அவர் மெஷின்லயே அப்ப ஈசிசி இல்ல.

எடிட்டர்தம்பி:
அக்கா சொன்ன மாதிரியே பண்ணேன். நாலும் டிஃபால்ட்ல போர்டு தானா 3600 எடுத்துச்சு, டெஸ்ட்மெம்5 க்ளீன். பழைய கிட் தனியா 6000 க்ளீன். புது கிட் தனியா 6000 அதுவும் க்ளீன். நாலும் 6000ல போட்டேன், காபி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள எர்ரர்னு செகப்பு லைன். சிப் பாத்தேன் பாண்டி அண்ணே, பழசுல ஹைனிக்ஸ், புதுசுல சாம்சங்.

பயாஸ்பாண்டி:
😎

கிண்டிகிறுக்கன்:
ஸ்மைலி போதும் அண்ணே. ஸ்டிக் நல்லாருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கடைக்காரன்கிட்ட "ஏற்கனவே ரெண்டு இருக்கு, இன்னும் ரெண்டு வேணும்"னு சொல்லித்தானே தம்பி வாங்கினான்? சேந்து ஓடாதுன்னு ஒரு வார்த்த சொல்லணுமா இல்லயா? இப்ப ஏஐ டேட்டா சென்டர் எல்லாம் மெமரிய வாரிட்டு போறதுல ராம் விலை எங்கயோ நிக்குது, 32+32 கிட் வாங்குன்னா யார் வீட்டு காசு? நான் சொல்றேன், கிட்ட திருப்பி குடு, பில்லு இருக்குல்ல.

பயாஸ்பாண்டி:
டிஃபெக்ட் இல்லாத பொருள எப்படி திருப்பி எடுப்பான்? போர்டு மேனுவல்ல டேபிளே இருக்கு.

கிண்டிகிறுக்கன்:
மேனுவல படிச்சு விக்க வேண்டியது அவன் வேல, நம்ம வேல இல்ல.

சர்வர்ரூம்அக்கா:
கடை சண்ட முடியாது, அது ஓடட்டும். தம்பி, உனக்கு 64 ஜிபி வேணுமா, 6000 வேணுமா? எடிட்டிங்குக்கு அளவுதான் முக்கியம். டூயல் சேனல்ல 3600னா கணக்குப்படி நொடிக்கு 57.6 ஜிபி, 6000னா 96 ஜிபி. குறைவுதான், ஆனா 32 ஜிபி ரொம்பி வழிஞ்சு எஸ்எஸ்டிக்கு போச்சுன்னா நல்ல ஜென்4 டிரைவே நொடிக்கு 7 ஜிபிதான். மெதுவான 64, வேகமான 32ஐ தூக்கி சாப்டும். இப்போதைக்கு 3600லயே வேல பாரு. சீசன் முடிஞ்சதும் 4800, அப்புறம் 5200னு ஒவ்வொரு படியா ஏத்து, ஒவ்வொண்ணுலயும் ராத்திரி பூரா டெஸ்ட். கேம் ஆடறவங்களுக்கு இதே பதில சொல்ல மாட்டேன், அங்க வேகம் உறைக்கும்.

எடிட்டர்தம்பி:
3600லயே விட்டுட்டேன் அக்கா, நேத்து முழு ரிசப்ஷன் ரெண்டர் ஒரே மூச்சுல முடிஞ்சுது. பாண்டி அண்ணே, கிறுக்கன் ப்ரோ எல்லாருக்கும் நன்றி. கடைக்கு சனிக்கிழமை போறேன், எக்ஸ்சேஞ்ச்ல 32+32 தருவாங்களான்னு கேப்போம்.

சர்வர்ரூம்அக்கா:
முக்கியமான ஒண்ணு. ராம் சரியில்லாத இந்த நாட்கள்ல கேமரா மெமரி கார்டுலேர்ந்து காப்பி பண்ணியே ஃபூட்டேஜ், அது எதையும் நம்பாத. ஜிப்னா சிஆர்சி காட்டிக் குடுக்கும், வீடியோ ஃபைல் எதுவும் சொல்லாது, ஏதோ ஒரு ஃப்ரேம்ல பச்சையா கட்டம் கட்டமா வரும், அது தாலி கட்ற ஃப்ரேமா கூட இருக்கலாம். கார்ட ஃபார்மட் பண்ணாம வெச்சு மறுபடி காப்பி பண்ணு, ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) போட்டு ரெண்டையும் ஒத்து பாரு.

எடிட்டர்தம்பி:
அக்கா... ரெண்டு கார்டு ஏற்கனவே ஃபார்மட் பண்ணி அடுத்த ஷூட்டுக்கு போயிடுச்சு.

சர்வர்ரூம்அக்கா:
அந்த ரெண்டு கார்டு ஃபைல மட்டும் டெலிவரிக்கு முன்னாடி முழுசா ஓட்டி பாரு, ஸ்பீடு ஏத்தாம. செகண்ட் கேமரா கார்டு இருந்தா அத தொடாம வை.