ஷீட் போட்ட பண்ணைக்குட்டை: தம்பியைப் பாத்துக்கற அக்காவுக்கு என்ன சொல்லித் தரணும்?

காங்கயம் தோட்டத்து வீடு:
புதுசா பண்ணைக்குட்டை வெட்டி கருப்பு ஷீட் விரிச்சிருக்கோமுங்க. பத்தடி ஆழம். பெரியவளுக்கு 11 வயசு, சின்னவனுக்கு 5. லீவுல நாள் முச்சூடும் ரெண்டு பேரும் தோட்டத்துலதான். "தம்பியப் பாத்துக்க கண்ணு"ன்னுட்டு நாங்க பால் கறக்கப் போயிடறோம். அவளுக்கு நீச்சல் தெரியும். வேறென்ன பழக்கணும்?

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:
நீச்சல் தெரியும்ங்கறதுதான் இங்க பயமே, அக்கா. கிணத்துல படி, கல்லுன்னு புடிக்க ஏதாவது இருக்கும். ஷீட்டுல ஒன்னுமில்ல. பாசி படிஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும். நல்லா நீந்தற பெரியவங்களே கரை வரைக்கும் வந்து, ஏற முடியாம கை ஓய்ஞ்சு முங்கிருவாங்க. தம்பி பின்னாடியே குதிச்சா ரெண்டும் போயிரும். அவ எறங்கவே கூடாது. கத்தணும், கயிறு கட்டின கேனை எறியணும், அவ்வளவுதான்.

நாலு கரையிலயும் அரை இஞ்ச் கயிறு, அடிக்கொரு முடிச்சு போட்டு, வெளியே ஆழமா நட்ட கம்பத்துல கட்டி அடிமட்டம் வரைக்கும் தொங்க விடுங்க. முடிச்சில்லாத கயிறு ஈரக் கையில நழுவிரும். எறியறதுக்குத் தனியா அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன்: அரை லிட்டர் தண்ணி ஊத்தி மூடியை இறுக்கி, கைப்பிடியில ஒரு கயிறைக் கட்டுங்க. வெறுங்கேன் காத்துல திரும்பிரும். நீச்சல் பழகறப்போ மிதக்கக் கட்டிக்கற சுரைப்புருடை செய்யற வேலையை இது செய்யும். அந்தக் கயிறோட மறுமுனை கம்பத்துலயே இருக்கணும். புள்ளை கையில சுத்திக்கிட்டா அவளையும் இழுத்துரும்.

இதெல்லாம் வேலிக்கு அப்பறம்தான். அஞ்சடி கம்பிவலை, கேட்டுக்குப் பூட்டு. அது பெரியவங்க பொறுப்புங்க, புள்ளைது இல்ல.

ஈரோடு அக்கா:
"பாத்துக்க"ன்னா எதுவரைக்கும்னு புள்ளைக்குத் தெரியாது. "நான் வந்து பேர் சொல்லிக் கூப்பிடற வரைக்கும் உன் பொறுப்பு, வாசலை விட்டுத் தாண்டக் கூடாது"ன்னு சொல்லுங்க. அரைமணிக்கு மேல வேண்டாம், அப்ப கையில போனும் வேண்டாம். முங்கற குழந்தை பெரும்பாலும் கத்தாது. வாய் தண்ணிக்கு மேல நிக்காது, சத்தம் எங்க வரும்? மாட்டுத்தொட்டியையும் கவுத்து வைங்க, ஒரு சாண் தண்ணி போதும்.

முதலுதவி பழக்கறவர், கோபி:
வெளிய எடுத்ததும் தலைகீழாத் தூக்கிச் சுத்தறது, வயித்தை அமுக்கறது ரெண்டும் தப்பு. மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோட வாய் வெச்சு 5 மூச்சு. அப்பறம் நடு நெஞ்சுல உள்ளங்கை அடிப்பகுதியால 30 அழுத்தம், சுமார் 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100லிருந்து 120 வேகம். பின்ன 2 மூச்சு, திரும்ப 30. இன்னொருத்தர் 108க்குக் கூப்பிடட்டும். தெளிஞ்சு உக்காந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரும்.

காங்கயம் தோட்டத்து வீடு:
கேன் எறியறது அவளால ஆகுமுங்களா?

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:
களத்துல பழக்குங்க. பதினஞ்சடி தள்ளி ஒரு மொறத்தை வெச்சு, அதைத் தாண்டி விழற மாதிரி எறியச் சொல்லுங்க. தாண்டி விழுந்தாத்தான் இழுக்கறப்போ கயிறு தம்பி கைக்கு வரும்.