பழைய இரண்டு சட்டிக் கலப்பை: என்ன விலைக்குக் கேட்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே. நமக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம் கரிசல் காடு. கடலை போடுமுன் கோடை உழவு ஆழமாக ஓட்ட வேண்டும். வேலந்தாவளத்தில் ஒரு பெரியவர் பழைய இரண்டு சட்டிக் கலப்பைக்கு (டிராக்டரில் மாட்டி உழும், வட்டத் தட்டு வைத்த டிஸ்க் கலப்பை) 22,000 ரூபாய் சொல்கிறார். கனமான ஃப்ரேம், இப்போது வருகிற தகடெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. நம் 35 எச்.பி. டிராக்டர் இழுத்துவிடும்.

ஆனால் சட்டியை அளந்தால் 22 அங்குலம்தான் இருக்கிறது. புதிதில் 26 இருந்திருக்கும். ஒன்றின் விளிம்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. கையால் பிடித்து ஆட்டினால் முன்சட்டி அசையவில்லை, பின்சட்டி கடகடவென்று ஆடுகிறது. பேரிங் மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பேரிங் உட்காரும் ஹப்பே தேய்ந்திருந்தால்? கழற்றாமல் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

அப்புறம், டாப் லிங்க் (கலப்பையை டிராக்டரோடு மேலே இணைக்கிற கம்பி) மாட்டும் இடத்தில் வெல்டிங் வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய உறுத்தல். கரிசலில் ஆழமாக இறக்கும்போது இழுவை முழுக்க ஃப்ரேமில்தானே விழும்?

இரண்டு சட்டி, பேரிங் மாற்றப் பொள்ளாச்சியில் இப்போது என்ன செலவாகும்? அதைக் கழித்து எவ்வளவுக்குக் கேட்கலாம்? பழைய கலப்பை வைத்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.