வேகமாக வளர்ந்த மரம் என்றாலே வலுவில்லாததா?

இழைப்புளி:
இருபத்தைந்து வருடமாக மரவேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன், வேகமாக வளர்ந்த மரத்தை வாங்காதீர்கள். போன மாதம் தோட்டத்துத் தேக்கு ஒரு லோடு வந்தது. வளையம் ஒவ்வொன்றும் அரை விரல் கனம். நிலைக்கு மூன்று சட்டம் அறுத்து நிறுத்தி வைத்தேன். பத்தே நாளில் இரண்டு வில்லாக வளைந்துவிட்டன. பழைய கட்டடத்தில் இருந்து கழற்றிய உத்திரத்தைப் பாருங்கள், வளையம் நூல் நூலாக இருக்கும், உளி இறங்கவே யோசிக்கும். உரமும் தண்ணீரும் கொடுத்து ஊதவைத்த மரத்தில் வைரம் எப்படிப் பாயும்?

வளையம்எண்ணி:
சட்டம் வளைந்ததை நம்புகிறேன் ஐயா. ஆனால் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். தேக்கு, ஓக் போன்ற மரங்களில் பருவத் தொடக்கத்தில் பெரிய துளைகள் ஒரு வரிசையாக வரும், அப்புறம்தான் நெருக்கமான நார். வளையம் அகலமானால் துளை வரிசை அதிகம் மாறாது, நார்ப்பகுதிதான் கூடும். அதனால் ஓக்கில் அகல வளையம் என்றால் பெரும்பாலும் கனமான மரம். ரொம்பக் குறுகினால் துளைதான் மிஞ்சும். ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களில் கதை தலைகீழ். அங்கே வேகம் கூடினால் அடர்த்தி குறையும். பீச்சில் வளைய அகலத்தை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

உங்கள் சட்டத்தை வளைத்தது இளமரம், அதாவது மரம் சின்ன வயதில் போட்ட உள்பகுதி. தண்டின் மையத்தில் இருக்கும் நெட்டியை ஒட்டிய முதல் பத்து, இருபது வளையங்களில் செல் சுவரின் செல்லுலோஸ் இழைகள் தண்டின் போக்கில் நேராக ஓடாமல் சாய்வாகச் சுற்றியிருக்கும். முதிர்ந்த மரம் காயும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரைதான் சுருங்கும். இளமரத்தில் அது 2 சதவீதம் வரைகூடப் போகும். ஒரே சட்டத்தின் ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்றால் வளையாமல் என்ன செய்யும்? மெதுவாக வளர்ந்த மரத்தையும் சின்ன வயதில் வெட்டினால் இதே கதிதான். வளைந்த இரண்டிலும் நெட்டி இருந்ததா என்று பார்த்தீர்களா?

இழைப்புளி:
படிப்பு வேறு, பட்டறை வேறு தம்பி. நெட்டி இருந்ததா என்று யார் பார்த்தது? வளைந்ததைத் தூக்கி மூலையில் போட்டாயிற்று.

சும்மாவந்தவன்:
இத்தாலியக் கைவினைஞர் ஸ்டிராடிவாரி செய்த வயலினை மறந்துவிட்டீர்களா? 1645 முதல் 1715 வரை சூரியப்புள்ளிகள் குறைந்து குளிர் கூடிய காலத்தில் மெல்ல வளர்ந்த ஸ்புரூஸ், அதனால்தான் அந்த நாதம் என்கிறார்களே.

வளையம்எண்ணி:
அது 2003இல் இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த ஊகம், நிரூபணம் இல்லை. தவிர வயலின் முகப்புக்கு வேண்டியது எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கும் பலகை. உத்திரத்துக்கு வேண்டியது வேறு. அதோடு ஸ்புரூஸ் விஷயத்தில் வேகம் அடர்த்தியைக் குறைக்கும் என்று மேலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சருகு:
ஓக் தப்பித்தது என்று அவ்வளவு நிம்மதியாக எழுத வேண்டாம் தோழர். ஜெர்மனியின் காட்டியல் ஆய்வாளர் பிரெட்ச் குழு 2014இல் வெளியிட்டதைப் பாருங்கள். 1870களில் இருந்து அளந்து வந்த மத்திய ஐரோப்பியக் காட்டுத் திட்டுகளில், ஸ்புரூஸ், பீச் மரங்கள் 1960ஐ விட 32 முதல் 77 சதவீதம் வேகமாக வளர்கின்றன. எல்லாரும் கைதட்டினார்கள். அதே குழு 2018இல் மரத்தைத் துளைத்துப் பார்த்தது. 1900இல் இருந்து அடர்த்தி 8 முதல் 12 சதவீதம் குறைந்திருக்கிறது. ஸ்புரூஸ், பைன், பீச் மட்டுமல்ல, உங்கள் ஓக்கிலும். இப்போது சொல்லுங்கள், கன அளவை மட்டும் பார்த்து "காடு இவ்வளவு கார்பனை இழுத்தது" என்று போடும் கணக்கு என்ன ஆகும்? பழைய அடர்த்தி எண்ணால் பெருக்கினால் இல்லாத கார்பனை எழுதிவைத்த மாதிரிதான்.

வளையம்எண்ணி:
இது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஒரே காலத்து ஓக் மரங்களில் அகல வளையத்தையும் குறுகிய வளையத்தையும் ஒப்பிடுவது ஒன்று. வளரும் பருவம் நீண்டு, காற்றோடு நைட்ரஜனும் வந்து விழுந்து, சூழலே மாறிய பிறகு நூறு வருடத்தை ஒப்பிடுவது வேறு. நான் முதலாவதை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். ஆனால் இதனால் இழைப்புளி ஐயா ஜெயித்துவிடவில்லை. 8, 12 சதவீத அடர்த்திக் குறைவு சட்டத்தைப் பத்து நாளில் வில்லாக்காது.

இழைப்புளி:
ஜெயிப்பு, தோற்பு இருக்கட்டும். வளர்க்கிறவன் என்னதான் செய்ய வேண்டும்?

வளையம்எண்ணி:
ஆரம்பத்தில் நெருக்கி நடவேண்டும். கிளை தடிக்காது, கணு சின்னதாக இருக்கும், நடுவில் இளமரத் தண்டும் ஒல்லியாகவே நிற்கும். அப்புறம் இடையிடையே வெட்டிக் கலைத்து, மிச்சத்தைப் பெருக்கவிட வேண்டும். கடைசி வெட்டைத் தள்ளிப்போட வேண்டும். பிந்தி வரும் வளையங்களில்தான் நல்ல மரம் இருக்கிறது.

சருகு:
நெருக்கி நட்டுவிட்டு, கலைக்க ஆள் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி விட்டால் காடே கலைத்துக்கொள்ளும், செத்துச் செத்து. அமெரிக்கக் காட்டியலாளர் ரெய்னிக்கே 1933இலேயே கணக்குப் போட்டார்: நெரிசலான காட்டில் சராசரி விட்டம் இரண்டு மடங்கானால் அதே இடத்தில் மூன்றில் ஒரு பங்கு மரங்கள்தான் பிழைக்கும். வறட்சி வந்தால் அந்த நெரிசலுக்குத்தான் முதல் அடி. வெட்டைத் தள்ளிப்போடுங்கள் என்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கூடுதல் வருடங்களில் புயலோ பூச்சியோ வந்தால் போவது வளர்த்தவன் மரம், யோசனை சொன்னவருடையது இல்லை.

வளையம்எண்ணி:
கலைக்க முடியாதவர் நெருக்கி நடக்கூடாது, சரி. ஆனால் அகலமாக நட்டு பதினைந்தாம் வருடமே வெட்டிவிட்டு, மரம் மோசம் என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது.

இழைப்புளி:
மூலையில் கிடந்த இரண்டையும் இழுத்துப் போட்டேன். முனையை இழைத்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில் நெட்டி நட்டநடுவில் கண் மாதிரி தெரிகிறது. இன்னொன்றில் ஓரமாக ஓடுகிறது, வளைவும் அந்தப் பக்கமாகத்தான். நேராக நின்ற மூன்றாவதில் நெட்டியே இல்லை. வளையம் என்னவோ அதிலும் அகலம்தான். ஆனாலும் பழைய உத்திரத்தின் கனம் அதில் இல்லை தம்பி, கையில் தூக்கினாலே தெரிகிறது.

வளையம்எண்ணி:
கைக்கணக்கு வேண்டாம் ஐயா. அந்த மூன்றாவது சட்டத்திலும் உத்திரத்திலும் ஒவ்வொரு துண்டு அறுத்து 103 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி நிறுங்கள். அப்புறம் நீரில் நன்றாக ஊறவைத்து, முழுக்கிக் கன அளவை எடுத்து அதால் வகுங்கள். அதுதான் அடர்த்தி. எண் வந்ததும் இங்கேயே போடுங்கள்.

சருகு:
உத்திரமும் தேக்குதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.