புதுப்பிப்பு: எமது கட்டுரையின் கவன மதிப்பெண்ணும் வாசகர் எண்ணிக்கையும்

தேயிலை விளைச்சல் தரவுகளை ஆராய்வதற்கென்று பேராதனையில் ஆர் (R) என்ற புள்ளிவிபரக் கணினி மொழியில் நாங்கள் எழுதிய மென்பொருள் பொதி பற்றிய கட்டுரையின் ஆல்ட்மெட்ரிக் மதிப்பெண் (ஊடகங்களிலும் இணையத்திலும் கட்டுரை பெறும் கவனத்தின் அளவு) ஏன் அசையாமல் நிற்கிறது என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மதிப்பெண் இன்னும் ஒற்றை இலக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வாளர்கள் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் மென்பொருளான மெண்டலேயில் வாசகர் எண்ணிக்கையோ தொடர்ந்து ஏறுகிறது.

காரணம் கணக்கிடும் முறையிலேயே உள்ளது. செய்தி ஊடகத்தில் வரும் குறிப்புக்கு 8, வலைப்பதிவுக்கு 5 என்ற அடிப்படை எடைகளைக் கொண்டு ஆல்ட்மெட்ரிக் கூட்டுகிறதே தவிர, மெண்டலேயில் எத்தனை பேர் கட்டுரையைச் சேமித்து வைத்தாலும் அம்மதிப்பெண்ணில் எதுவும் சேர்வதில்லை. ஆய்வாளர்கள் அன்றாடம் கையாளும், ஆனால் பத்திரிகைகள் எழுதாத மென்பொருட் கட்டுரைகளை இந்த மதிப்பெண்ணால் மட்டும் எடைபோடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எல்எம்இ4 (lme4) என்ற ஆர் பொதி பற்றி 2015இல் வெளியான கட்டுரை பல்லாயிரம் மேற்கோள்களைப் பெற்றது அந்தப் பொதியைப் பலரும் பயன்படுத்துவதால்தான்.

எமது கட்டுரையின் மெண்டலே வாசகர் விபரத்தைத் திறந்து பார்த்தேன். முனைவர் பட்ட மாணவர்களே அதிகம். துறைவாரியாக விவசாயம் புள்ளிவிபரவியலை முந்தியிருந்தது. தலவாக்கலையிலோ பதுளையிலோ தோட்டத்துக் கொழுந்துக் கணக்கோடு மல்லுக்கட்டும் மாணவர்களை மனதில் வைத்தே அதை எழுதினோம் என்பதால், இது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

பொதியின் பதிவிறக்கங்களையும் கணக்கில் சேர்க்கச் சொன்னவர்களுக்கு: ஆர் பொதிகளின் இணையக் களஞ்சியமான கிரானின் (CRAN) பதிவுகளில் தானியங்கி இறக்கங்களும் ஒருவரே மீண்டும் மீண்டும் நிறுவுவதும் கலந்திருப்பதால், துறைக்கான அறிக்கையில் அவற்றைத் தனி வரியாக மட்டும் தந்துள்ளேன்.