மினாமி ஆல்ப்ஸ்: இதெல்லாம் ஒரு ஊர்ப் பெயரா?

மலைநாடன்: "ஜப்பானில் சின்ன ஊர்களை இணைத்ததில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. யமனாஷி மாகாணத்தில் நான்கு சிற்றூர்கள், இரண்டு கிராமங்கள். 2003 ஏப்ரல் 1 அன்று எல்லாவற்றையும் சேர்த்து 'மினாமி ஆல்ப்ஸ்' நகரம் என்றார்கள். தெற்கு ஆல்ப்ஸ்! ஐரோப்பிய மலையின் பெயர், அதுவும் அந்நியச் சொற்களுக்கான கதகானா எழுத்தில்.

கணக்கன்: எழுதியது நான்தான். 1999-இல் 3,232 உள்ளாட்சிகள் இருந்தன. 2010 மார்ச்சில் 1,727. ஊரில் முதியவர்கள்தான் மிச்சம், வரி வருமானம் இல்லை. இணைந்தால் வாங்கும் சிறப்புக் கடனில் 70 சதவீதத்தை நடுவண் அரசு ஏற்றது. பெயரை வைத்தா சாலை போடுவார்கள்?

மலைநாடன்: கடனைப் பற்றி யார் கேட்டது? பெயரைச் சொல்லுங்கள். ரயில் கட்டண விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

கோஃபுவாசி: நான் பக்கத்து ஊரில்தான் எட்டு வருடமாக இருக்கிறேன். ஃபுஜிக்கு அடுத்த உயரமான கிதாதகே, 3,193 மீட்டர், அந்த நகர எல்லைக்குள்தான் நிற்கிறது. ஜப்பானின் நடுப்பகுதி மலைத்தொடர்களுக்கு 'ஜப்பானிய ஆல்ப்ஸ்' என்பது 1881-லேயே அச்சில் வந்த பெயர். பெயர் பொருத்தம்தான்.

மலைநாடன்: அச்சில் ஏற்றியது கௌலண்ட் என்ற ஆங்கிலேயர். அங்கே குஷிகத்தா என்று ஒரு மலை உண்டு, சீப்பு வடிவம் என்று பொருள். அதன் பெயரில் ஓர் ஊரும் இருந்தது. இன்று நகராட்சி அலுவலகத்தின் முகவரியைப் பாருங்கள்: மினாமி ஆல்ப்ஸ், ஒகசவாரா. குஷிகத்தா எங்கே போனது?

கணக்கன்: உங்கள் குஷிகாட்டாவே 1954-இல் சில ஊர்களை இணைத்து உண்டாக்கியதுதான். அன்று அழிந்த பெயர்களுக்கு யார் அழுதார்கள்?

மலைநாடன்: 'குஷிகாட்டா' இல்லை ஐயா, 'குஷிகத்தா'. பெயரையே எழுதத் தெரியாதவர் பெயர் முக்கியமில்லை என்கிறார்.

கணக்கன்: போன வாரம் நீங்கள் 'ஓசாக்கா' என்று எழுதினீர்கள். நான் குறை சொன்னேனா?

கோஃபுவாசி: எழுத்துக்கூட்டலை விடுங்கள். அஷியாசு கிராமத்தின் பெயர் இன்றும் முகவரியில் இருக்கிறது. எல்லாம் அழிந்தது என்பது பொய்.

மலைநாடன்: ஆறில் ஒன்றைக் காட்டிப் பொய் என்கிறீர்கள். ஐச்சி மாகாணத்தில் இரண்டு ஊர்களைச் சேர்த்து, விமான நிலையத்தின் பெயரால் 'மினாமி சென்ட்ரேர்' என்று வைக்கப் பார்த்தார்கள். 2005 வாக்கெடுப்பில் மக்கள் இணைப்பையே வேண்டாம் என்றார்கள். ஃபுகுஷிமாவின் யமத்சுரி, யாரோடும் சேர மாட்டோம் என்று 2001-லேயே அறிவித்தது. மானமுள்ள ஊர்!

கணக்கன்: மானம் பள்ளிக்கூடக் கூரையைப் பழுது பார்க்குமா?

கோஃபுவாசி: 'ஆல்ப்ஸ்' அந்த மலைக்கே பெயர். நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

மலைநாடன்: மலைக்கு இருக்கட்டும். ஊருக்கு எதற்கு?