ரோமர் ஒன்பதாம் அதிகாரமும் ஒரு தாயின் கேள்வியும்

இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவனே முன்னதாகத் தெரிந்தெடுக்கிறார் என்னும் 'தெரிந்துகொள்ளுதல்' போதனையைப் பற்றிச் சகோதரர்கள் எழுதியவற்றை வாசித்தேன். யாங்கோனில், தாமுவேயில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடந்ததை நானும் எழுதுகிறேன்.

அன்று வேதபாடம், அப்போஸ்தலனாகிய பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம். மின்சாரம் போய்விட்டதால் கைப்பேசி வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். "ஆகையால் விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்" என்ற பதினாறாம் வசனம் வந்ததும், சுவரோரமாக உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், "தம்பி, தாய்லாந்துக்கு வேலைக்குப் போன என் மகன் ஆலயத்தையே மறந்துவிட்டான், ஆண்டவர் அவனைத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் நான் ஜெபித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டார்.

பாடம் நடத்திய நான், அதிகாரத்தின் தொடக்கத்துக்கே திரும்பினேன். தேவனுடைய சர்வ அதிகாரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லும் பவுல், தன் இனத்தாருக்காக மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டென்று சொல்லித்தான் தொடங்குகிறார். முடித்த கையோடு, பத்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, அவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்று விண்ணப்பம் செய்கிறார். தெரிந்துகொள்ளுதலை விசுவாசித்தவர் ஜெபத்தை நிறுத்தவில்லை. கல்லான இருதயத்தைத் திறக்கத் தேவனால் கூடும் என்பதனால்தானே அவரிடம் கேட்கிறோம்? யார் தெரிந்துகொள்ளப்பட்டவர், யார் அல்லர் என்று தீர்க்கும் பொறுப்பு நம்மிடம் தரப்படவே இல்லை.

இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. 1813-இல் ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல்தான். கொள்ளையும் கொலையுமாக வாழ்ந்து, கடனுக்கு அடிமையாகக் கிடந்த, கரேன் இனத்தவரான கோ தா பியூவைப் பார்த்து, தேவன் தெரிந்துகொண்ட பாத்திரம் இவர் என்று யார்தான் சொல்லியிருப்பார்கள்? 1828-இல் தாவாயில் ஞானஸ்நானம் பெற்ற அவர்தான், பின்பு கரேன் மலைக்கிராமங்கள்தோறும் நடந்து சுவிசேஷம் சொன்னார்.

மெதடிஸ்டு சபையில் வளர்ந்த பெரியவர் ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. நம் விசுவாசத்தை முன்னறிந்தே தேவன் தெரிந்துகொள்கிறார் என்று 1 பேதுரு 1:2-ஐ எடுத்துக்காட்டினார். வேதத்தை ஆழ்ந்து வாசிப்பவர். அவர் சொல்லைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும், ஏசா, யாக்கோபு என்னும் இரட்டைப் பிள்ளைகள் இன்னும் பிறவாமலும் நன்மை தீமை செய்யாமலும் இருக்கையிலேயே, மூத்தவன் இளையவனாகிய யாக்கோபுக்கு ஊழியஞ்செய்வான் என்று சொல்லப்பட்டதாக இதே ஒன்பதாம் அதிகாரம் கூறுவதை வைத்துப் பார்த்தால், நம்மில் எதையும் காரணமாகக் காட்ட இடமில்லை என்றே நான் நினைக்கிறேன். இதில் இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை.

அந்தப் பிள்ளைக்காக முதலில் ஜெபித்தவர் அந்தப் பெரியவர்தான். மகன் இன்னும் ஆலயத்துக்குத் திரும்பவில்லை. வாரந்தோறும் அவன் பேரைச் சொல்லி ஜெபித்து வருகிறோம்.